காட்சியும் களரியும்

கலைக்கும் பருவத்துக்கும் உள்ள உறவு பழையது. விதைப்புக்கு ஒரு காலமும் அறுப்புக்கு ஒரு காலமும் வகுத்துக்கொண்ட மக்கள், கண்டும் கேட்டும் களிப்பதற்கும் ஒரு காலத்தை வகுத்துக்கொண்டனர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் தமிழ் மக்களுக்கு அக்காலம் வேனிலாகும். மாரிப் போகம் அறுவடையாகி நெல் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி தொடக்கம் ஆனி ஈறாகவுள்ள திங்கள்களிலே கூத்துக் களரிகளில் மத்தளம் முழங்கும். வைகாசியிலே கண்ணகி கோயில்களின் கதவுகள் திறக்கும்.

இன்றைய உலகின் பெருநகரங்களிலும் வேனில் கலைக்குரிய பருவமாகவே கொள்ளப்படுகின்றது. தற்காலக் கலை நிலையங்கள் பல, கோடை பிறந்ததும் புதிய கண்காட்சிகள் சிலவற்றை ஒருங்கே திறந்துவைத்து, ஓவியரையும் பொதுமக்களையும் அழைத்து, இசையும் உரையும் விருந்துமாக விழாவெடுக்கின்றன. புதிய கண்காட்சிகளை விழாவாகத் திறக்கும் இவ்வழக்கம் ஈழத்திலும் காலூன்றியுள்ளது. ஆதலின், அவ்விழாவின் இயல்பு யாது, அதன் நிறைகுறைகள் யாவை, களுவாஞ்சிக்குடி போன்ற ஓர் ஊரிற் கல்வி பயிலும் மாணவன் அதனால் எய்தக்கூடிய பயன் யாது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும். இவற்றுக்கு விடை காண்பதற்கு வாவிக்கரையின் பழைய வேனில் விழாக்களையே அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தும். அங்ஙனம் அளந்து பார்க்குமிடத்து, காண்போர் கலையாக்கத்திற் பெறும் பங்கே ஒரு காட்சிக்கு நிலைபேறளிப்பது என்பது புலனாகும்.

முதற்கண் கண்ணகி சடங்கை நோக்குதல் தகும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகி கோயில்களின் பெருஞ்சடங்கு ஆண்டுக்கொருமுறை வைகாசியிலே நிகழ்வது. கதவு திறத்தலோடு அது தொடங்கும். கல்யாணக்கால் நடப்படும், கண்ணகி வழக்குரை நாடோறும் பாடப்படும், ஈற்றிலே குளிர்த்தி பாடிச் சடங்கு நிறைவெய்தும். மதுரையை எரித்த சினம் தணியுமாறு அம்மனைக் குளிர்விப்பதே குளிர்த்தியின் கருத்து. வெம்மை மிகுந்து, நீர்நிலை வற்றி, நோய் பரவும் பருவத்திலே நாடும் குளிர்தல் வேண்டும் என்னும் வேண்டுதலும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

கதவு திறக்கும் அந்நாள் இன்றைய கண்காட்சித் திறப்புநாளை ஒருவாறு ஒத்ததே. நெடுநாள் மூடியிருந்த ஒன்றைக் குறித்த சில நாட்களுக்கு மாத்திரம் காணப் பெறுதலால் இரண்டிலும் காட்சிக்கு அருமை உண்டாகின்றது. ஆயின் வேறுபாடொன்று உளது. சடங்குக்கு வருவோர் காண்போராக மாத்திரம் வருவதில்லை. ஊரின் குடிகள் முறைவைத்துச் சடங்கின் பொறுப்புகளை ஏற்கின்றன. நேர்த்திக்கடன் உடையோர் தத்தம் காணிக்கையைக் கொணர்கின்றனர். வழக்குரையைப் பாடுவோரும் கேட்போரும் ஓரூரவரே. அச்சடங்கோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டிலே இப்பங்கு இன்னும் வெளிப்படையானது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வடசேரியார் கோவலன் பக்கமும் தென்சேரியார் கண்ணகி பக்கமும் நின்று, ஒன்றோடொன்று கோத்த இரு வளைகொம்புகளை வடம் பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். அவ்விளையாட்டு இன்று பெரிதும் அருகிவிட்டது. எனினும் அது உணர்த்தும் செய்தி தெளிவானது: வடத்தைப் பற்றாத கை அங்கு அரிது.

இனிக் கூத்து. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் மட்டக்களப்பு மண்ணிலே வளர்ந்த முறையைப் பேராசிரியர் சி. மௌனகுரு தம் ஆய்விலே விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். ஒரு கூத்து ஒருநாளிற் பிறப்பதன்று. முதலிற் சட்டம் கொடுத்தல்; அஃதாவது, அண்ணாவியார் இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுத்து ஏட்டுப் பகுதியை வழங்குதல். அதன்பின் ஆட்டம் பழகுதல், சதங்கை அணிதல், வாரந்தோறும் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல திங்கள் செல்லும். கிழமைக் கூத்திலும் ஊரவர் கூடியிருந்து பார்ப்பர், குறை கூறுவர், தாளம் பிசகியதைச் சுட்டுவர். ஆகவே அரங்கேற்றத்தன்று களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் அக்கூத்தின் வளர்ச்சியைத் தொடக்கமுதல் அறிந்தவராயிருப்பர். களரியோ நாற்புறமும் திறந்தது. ஆடுவோருக்குப் பின்புறம் என்று ஒன்று இல்லை. காண்போர் ஒருவரையொருவர் எதிரெதிரே பார்த்த வண்ணமே கூத்தையும் பார்க்கின்றனர். அரங்கேற்றத்தின் பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். இவ்வாறு, சட்டம் கொடுத்தலிலே தொடங்கிய கலை இல்லந்தோறும் முற்றத்தை மிதித்தபின்பே ஓய்வு கொள்கின்றது.

பழைய களரியைப் போற்றுமிடத்து அதன் குறைகளை மறைத்தல் அறமாகாது. மரபுவழிக் கூத்திலே பெண்கள் ஆடியதில்லை. பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்கினர். எவர் எங்கே இருப்பது, எவர் எதைச் செய்வது என்னும் சாதிக் கட்டுப்பாடுகளும் ஊர் விழாக்களோடு கலந்தே இருந்தன. பங்கு உண்டு, ஆனால் அது அனைவர்க்கும் ஒத்த பங்காக இருந்ததில்லை. இவ்விடத்திலேதான் நவீன காட்சிக்கூடத்தின் முதற் சிறப்பைக் காணல் வேண்டும். அங்கே ஓர் ஓவியத்தின்முன் நிற்கும் பெண்ணை இன்னார் மகள் என்று எவரும் வினாவுவதில்லை. தனித்து நிற்கவும், தானே கருதவும், பிறர் புகழ்ந்ததை ஒப்பாமல் அப்பாற் செல்லவும் அவளுக்கு உரிமையுண்டு. ஊர்க் கூட்டம் தராத அத்தனிமையைக் காட்சிக்கூடம் தருகின்றது. அது சிறிய பேறன்று. ஆகவே களரியா காட்சிக்கூடமா என்று ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்வது வினாவை எளிதாக்கிவிடுவதாகும். தனிமையின் உரிமையையும் கூட்டத்தின் பங்கையும் ஒருங்கு பெறுதல் இயலுமா என்பதே உண்மையான வினா.

இவ்வினா ஈழத்துத் தமிழ்க் கலையுலகிற் புதிதாக எழுந்ததன்று. 1956இலே எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றியதன் பின், பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொணர முயன்றார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணையோடு 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன தொடர்ந்தன. விடியுமளவும் ஆடப்பெற்ற கூத்துச் சில மணிநேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் திறந்த களரி படச்சட்ட மேடையாயிற்று. இதனால் விளைந்த நன்மை பெரிது. கிராமத்தார் கலை என இகழப்பட்டதைக் கற்றோர் அவையிலே தலைநிமிர்ந்து நிற்கச் செய்தவர் வித்தியானந்தனே. இழந்ததும் ஒன்றுண்டு. படச்சட்டத்துள் வைக்கப்பட்ட கூத்து, சுவரில் தொங்கும் ஓவியம்போல ஒருபுறமிருந்து நோக்கப்படும் பொருளாயிற்று. காண்போர் இருளில் அமர்ந்தனர். ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாதாயிற்று. கிழமைக் கூத்திலே குறை கூறிய ஊரவருக்கு அங்கே இடமில்லை.

இவ்விழப்பை உணர்ந்தே 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனைக் கிராமத்திற் சி. ஜெயசங்கர் கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியைத் தொடங்கினார். கூத்தைக் களரியினின்றும் பெயர்த்தெடுக்காமல், அதனை ஆடும் மக்களோடு இருந்து, அவரோடு கலந்து பேசி, கதையிலும் பாத்திரத்திலும் உள்ள சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை அவர்களே ஆராய்ந்து திருத்துமாறு செய்வது அதன் நோக்கம். வித்தியானந்தன் வழி கூத்துக்குப் புதிய அவையைத் தேடிற்று. ஜெயசங்கர் வழி பழைய அவையைப் புதிதாக்க முனைந்தது. இவ்விரண்டையும் பகை வழிகள் எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், கலையிற் பங்கு என்னும் அளவுகோலால் நோக்குவார்க்குப் பின்னதே நெடும்பயன் தருவதாகத் தோன்றும். முன்னது நல்ல கூத்தை விளைவித்தது. பின்னது கூத்தையும் அதனைக் காக்கவல்ல மக்களையும் ஒருங்கே வளர்க்க முயன்றது.

கூத்துக் கலையிலே தெளிந்த இவ்வளவுகோலை இனிக் கண்காட்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். கோடைக் கண்காட்சிகளுள் உலகப் புகழ் பெற்றது ஜேர்மனியின் கசெல் நகரத்திலே நிகழும் ‘டொக்குமென்ரா’. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சுக்கு இரையாகிச் சிதைந்த நகரம் அது. எரிந்து கூரையிழந்திருந்த பழைய நூதனசாலைக் கட்டடத்தைச் செப்பனிட்டு, 1955ஆம் ஆண்டுக் கோடையிலே ஆர்னோல்ட் போட என்பார் முதற் கண்காட்சியை அமைத்தார். நாற்சி ஆட்சி இழிந்ததெனத் தள்ளிய நவீன ஓவியங்கள் அங்கே மீண்டும் மக்கள் கண்ணுக்கு விருந்தாயின. இன்று ஐந்தாண்டுக்கொருமுறை நூறு நாட்கள் அது நடைபெறுகின்றது. அக்கண்காட்சியின் 1982ஆம் ஆண்டு நிகழ்விலே யோசப் பொய்ஸ் என்னும் கலைஞர் ஓவியமொன்றையும் தொங்கவிடாது, நூதனசாலையின் முன்றிலில் 7000 கருங்கற் தூண்களைக் குவித்தார். நகரத்தில் ஒரு மரம் நடப்படுமிடத்து அதன் அருகே ஒரு கல் நாட்டப்படும். கற்குவியல் குறையக் குறைய நகரிலே மரங்கள் பெருகின. 1986இற் கலைஞர் இறந்தார். 1987இல் இறுதி மரம் நடப்பட்டது. நூறு நாட் காட்சி ஐந்தாண்டுப் பணியாகி, மக்கள் கைபட்டு, அவர் தெருக்களிலே நிழலாக நின்றுவிட்டது. கசெல் நகரத்தார் கொம்புமுறியின் வடத்தைப் பற்றியவர்போல் ஆயினர் எனலாம்.

ஈழத்திலும் நவீன ஓவியத்துக்கு வரலாறு உண்டு. 1943இலே கொழும்பில் லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் கூடி ‘43 குழு’வை அமைத்தனர். யாழ்ப்பாணத்திலே மாற்கு என்னும் ஓவிய ஆசிரியர் மாணவர் பலரைப் பயிற்றி, தாமும் வாழ்நாள் முழுவதும் தேடலைக் கைவிடாது வரைந்து 2000ஆம் ஆண்டிலே மறைந்தார். 2019 டிசெம்பரிலே கொழும்பில் இலங்கை நவீன, தற்காலக் கலை நூதனசாலை தன் முதற் கண்காட்சியைத் திறந்தது. சர்மினி பெரெய்ரா தொகுத்த அக்கண்காட்சி 2018இல் டாக்காக் கலைவிழாவில் முதலிற் காட்டப்பெற்றது. ‘ஓர் இலட்சம் சிறுகதைகள்’ எனப் பொருள்படும் அதன் பெயர் ஈழத்துக் கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதாகும். 1948இலே நாடு சுதந்திரம் பெற்றது முதலாகவுள்ள கலையை அது எடுத்துக்கொண்டது.

அக்கண்காட்சியின் சிறப்புகள் இரண்டு. நாட்டின் வரலாற்றை ஒரே பெருங்கதையாகக் கூறாது, பல சிறுகதைகளின் கூட்டமாகக் கண்டமை ஒன்று. குறிப்புகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் அமைத்தமை மற்றொன்று. தமிழ்க் கவிதையொன்றின் பெயரைத் தலைவாயிலிலே தாங்கிய கூடத்துள் தமிழ் மாணவன் தன் மொழியைப் படித்தே உட்செல்லலாம் என்பது சிந்திக்கத்தக்கது. குறையும் இல்லாமலில்லை. ஓர் இலட்சம் சிறுகதைகள் என்ற பெயர், கதையுடையோர் பலர் என்பதை ஒப்புக்கொள்கின்றது; ஆனால் அவருட் பெரும்பாலார் கூடத்துக்கு வெளியே, தொலைவில் இருக்கின்றனர். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ஓர் உழவன் மகன் ஒரு படத்தைக் காண்பதற்கு அத்தூரம் செல்லல் எளிதன்று. இது ஒரு நிறுவனத்தின் பிழையன்று. கலைச் செல்வம் யாவும் தலைநகரிலேயே குவிந்திருக்கும் நெடுநாளைய நிலையின் விளைவேயாகும்.

காட்சிக்கூடத்தின் தனிமையையும் களரியின் பங்கையும் இணைத்தற்கு ஈழத் தமிழ்க் கலையிலேயே நல்ல சான்றுகள் உள. ஓவியர் தா. சனாதனனின் படைப்புகள் அவற்றுள் முதன்மையானவை. 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டியெழுப்பப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 2004இல் ‘அகம் புறம்’ என்னும் கண்காட்சி நிகழ்ந்தது. அங்கே அவர் வரைந்த படங்களைத் தொங்கவிட்டாரல்லர். யாழ்ப்பாணத்து இல்லங்களிலிருந்து மக்கள் கொடுத்த அன்றாடப் பொருள்களைத் திரட்டி, ‘வரலாறுகளின் வரலாறு’ எனப் பொருள்படும் பெயரிலே காட்சிக்கு வைத்தார். போரிலே பிழைத்த சிறு பொருள், அதனைக் காத்தவரின் நினைவைத் தாங்கி, நூல்களை இழந்த கட்டடத்துள் ஒரு நூலைப்போல அமர்ந்தது. கசெல் நூதனசாலையும் யாழ் நூலகமும் நெருப்பைக் கண்ட கட்டடங்கள் என்பதை எண்ணுமிடத்து, அழிவின்பின் மக்கள் முதலிற் கூடுமிடம் கலையாதல் தற்செயலன்று எனத் தோன்றும்.

2011இல் வெளிவந்த அவருடைய ‘நிறைவுறாத தோம்பு’ என்னும் நூல்வடிவப் படைப்பு இன்னும் ஆழமானது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி கொள்வதற்கு எழுதிய காணிப் பதிவேடு. அப்பெயரையே எடுத்துக்கொண்டு, போரினால் இடம்பெயர்ந்த எண்பதின்மரிடம் அவர்தம் இழந்த வீட்டின் தள அமைப்பை நினைவிலிருந்து வரையுமாறு கேட்டார். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என நடுங்கும் கைகள் இட்ட கோடுகள் ஒருபுறம்; அவற்றைக் கட்டடக்கலைஞர் முறைப்படி திருத்தி வரைந்த படம் ஒருபுறம்; அந்நினைவுக்கு விடையாக ஓவியர் தீட்டிய சித்திரம் ஒருபுறம். இம்மூன்றையும் ஒருசேரக் காண்போன் ஓர் உண்மையை உணர்கின்றான். கட்டடக்கலைஞரின் கோடு நேரானது. ஆனால் வீடு இருப்பது வளைந்த கோட்டிலேதான். அரசின் தோம்பு காணியை அளந்தது. இத்தோம்பு இழப்பை அளக்கின்றது. ஓவியரின் கைத்திறன் இங்கே குன்றவில்லை. எண்பது கைகளை ஒரு நூலாக்கும் அமைப்பிலே அது மிகுந்தே விளங்குகின்றது. சட்டம் கொடுத்து, தாளம் பிடித்து, பலரை ஓராட்டத்துள் இணைக்கும் அண்ணாவியாரின் திறனும் இத்தகையதே. பலர்க்குப் பங்களித்தாற் கலையின் தரம் தாழும் என அஞ்சுவோர்க்கு இந்நூலே போதிய விடையாகும்.

இவற்றால் வாவிக்கரைக்குப் பெறப்படும் பாடம் யாது? இப்பிரதேசத்திலே கலைக்கல்விக்கு அடித்தளம் இல்லாமலில்லை. காரைதீவிலே 1892இற் பிறந்து ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகளின் பெயரால், 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் உண்டு. பாடசாலைகளிலே சித்திரம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. எனினும் அப்பாடத்தைப் பயில்வோருட் பலர், பேரோவியங்களைப் பாடநூலிலுள்ள சிறு அச்சுப்படமாகவே அறிகின்றனர். தூரிகை துணியிலே விட்ட தடத்தையும் வண்ணத்தின் கனத்தையும் கண்ணாற் காணாது பரீட்சையிலே சித்தியெய்துதல், மத்தளத்தைக் கேளாது தாளம் எழுதிப் பயிலுதலை ஒக்கும்.

ஆகவே வேனில் விடுமுறையிலே பாடசாலை மண்டபங்களுக்குச் செல்லும் பயணக் கண்காட்சிகள் வேண்டற்பாலன. அவை தலைநகரிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து மூடுவனவாக மாத்திரம் அமைந்தாற் பயன் சிறிது. கூத்தின் படிமுறைகளையே அவற்றுக்கு இலக்கணமாகக் கொள்ளலாம். எதைக் காட்டுவது என்பதை ஊரவரோடு கலந்து வகுத்தல் சட்டம் கொடுத்தலாகும். ஆக்கம் முற்றுமுன்னரே மாணவரும் மூத்தோரும் வந்து பார்த்துக் குறை கூறல் கிழமைக் கூத்தாகும். மீனவர் முடையும் கரப்பும் அதன் வடிவொத்த வடமோடிக் கரப்புடுப்பும் ஒரே கூடத்தில் நிற்க, அவற்றை ஆக்கியோரே அருகிருந்து விளக்குதல் அரங்கேற்றமாகும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகள் பலவற்றைக் கொண்டு சென்றது. அவ்வீடுகளின் தள அமைப்பை நினைவிலிருந்து வரையவல்ல கைகள் இன்னும் உள. அவை ஓய்வதற்குள் அவற்றின் தோம்பு எழுதப்பட வேண்டும். இது காலம் தாழ்த்தத் தகாத கடமையாகும்.

கூத்தின் இறுதிப் படியே நவீன கண்காட்சியிற் பெரிதும் காணப்படாதது. திறப்புநாள் ஆரவாரத்தோடு தொடங்குகின்றது, குறித்த நாள் வந்ததும் படங்கள் இறக்கப்படுகின்றன, சுவர் வெறுமையாகின்றது. அரங்கேற்றம் உண்டு; வீட்டுக்கு வீடு ஆடுதல் இல்லை. படுவான்கரை மக்கள் நெடுங்காலமாகக் குருமண்வெளித் துறையிலே பாதையிலேறி வாவியைக் கடந்து வந்தனர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தும் வந்தனர். கற்பதற்கும் விற்பதற்கும் கடந்த அம்மக்களை நாடி ஓவியமும் ஒருமுறை எதிர்த்திசையிலே கடந்து செல்லல் முறையாகும். ஒரு கண்காட்சியின் சித்திரங்கள் முடிவுநாளின் பின் மண்டூரிலோ வெல்லாவெளியிலோ ஒரு வாசிகசாலைச் சுவரிலே ஒரு திங்கள் தங்கி, அங்குள்ள பிள்ளைகள் அவற்றுக்கு விடையாகத் தம் சித்திரங்களை வரைந்து அருகிலே வைப்பராயின், கதவு திறந்ததன் பயன் நிறைவுறும். அத்தகைய வேனில் விழா களுவாஞ்சிக்குடியிலே தோன்றுவதற்குப் பெருமாளிகை வேண்டியதில்லை. நாற்புறமும் திறந்த ஒரு மண்டபமும், குறை கூறத் தயங்காத ஊரவரும், சட்டம் கொடுக்கவல்ல ஓர் ஆசிரியரும் போதும். அவ்வாசிரியர் இப்பிரதேசத்துப் பாடசாலைகளில் இன்று கற்போருள் ஒருவராக இருத்தல் கூடும்.